காது வரை இழுத்த வில்

ஆல்டர்ஹே ஊரில் வில் வேண்டுமென்றால் எம்மட்டிடம்தான் போக வேண்டும். அவள் கையிலிருந்து வரும் வில்லில், பிடிக்கிற இடத்துக்கு இரண்டு விரல் மேலே, சூட்டுக்கோலால் வைத்த மூன்று கோடு இருக்கும். காக்கைக்கால் என்று ஊரில் அதற்குப் பெயர். காக்கைக்கால் இருந்தால் யாரும் கட்டையைத் தட்டிப் பார்ப்பதில்லை, முகர்ந்து பார்ப்பதில்லை. தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

அவளுக்கு இந்த வேலையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினெட்டு வயதில் வில் செய்கிற ஓட்வெல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மூன்றாம் வருஷம் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது கை நடுக்கத்தை விட்டுவிட்டுப் போனது. நடுங்குகிற கையில் கத்தி இருந்தால் வில் தேறாது. எனவே உள்ளே அவள் செதுக்கினாள். வாசலில் உட்கார்ந்து அவன் பாராட்டை வாங்கிக்கொண்டான். பன்னிரண்டு வருஷம் இப்படியே ஓடிற்று. அவன் செத்த மறுவாரம் ஊர் ஆண்கள் கூடி, இனி ஒரு வில்லுக்காக செஸ்டர் பட்டணம் வரைக்கும் நடக்க வேண்டுமே என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அம்பு செய்கிற ஜென்கின் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அட கூறுகெட்டவங்களா! பன்னெண்டு வருஷமா நீங்க சுமந்துக்கிட்டுத் திரியறது இவ செஞ்ச வில்லுதான். அந்த மனுஷனால கஞ்சிக் கிண்ணத்தையே சிந்தாம பிடிக்க முடியல. வில்லைச் செதுக்கினானாம்!"

அதற்குப் பிறகு அவளே வாசலில் உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் கல்யாணமான நாலாம் மாதமே இடுப்பில் ஒரு குழந்தை ஏறிவிட்டது. அவளுடைய அம்மா கடைசித் தம்பி ஹாமனைப் பெற்றுப்போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துச் சப்பக் கொடுத்து அவனை வளர்த்தாள் எம்மட். அவனுக்கு முன்னால் பியர்ஸ், வாரின் என்று இரண்டு தம்பிகள். இரண்டு பேரும் ராஜாவின் சண்டைக்கு வில்லாளிகளாகப் பிரான்சுக்குப் போனார்கள். பியர்ஸ் ஹார்ஃப்ளர் முற்றுகையில் வயிற்றுப்போக்கில் செத்தான். வாரின் ரூவான் கோட்டைக்கு வெளியே, பள்ளத்தில், மார்கழிக் குளிரில். இரண்டு பேர் கையிலும் காக்கைக்கால் போட்ட வில். பியர்ஸின் வில் மட்டும் திரும்பி வந்தது. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் கொண்டுவந்து கொடுத்து, "வில்லுக்கு ஒரு சேதமும் இல்லீங்க, நல்லாப் பார்த்துக்கிட்டான்" என்றான். அவள் அதை நாலாக அறுத்து அடுப்பில் வைத்தாள்.

மிச்சம் ஹாமன். வயது இருபத்து மூன்று.

அந்த வருஷம் ஈஸ்டர் கழிந்த முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் பாதிரியார் கடிதச் சுருளைப் பிரித்து வாசித்தார். ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, கேப்டன் பிக்ஸ்லி ஆற்றோரப் புல்வெளிக்கு வருவார். நாற்பது வில்லாளிகளைப் பொறுக்கி எடுப்பார். வாசித்து முடிப்பதற்குள் ஹாமன் திரும்பி அக்காவைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

வீட்டில் பட்டாணிக் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "நீ போகல."

"நான் போனா உனக்குப் பாலாடைக்கட்டி மிச்சம்க்கா. யோசிச்சுப் பாரு."

"வெளையாடாதே. பியர்ஸும் இப்படித்தான் இளிச்சுக்கிட்டே போனான்."

"பியர்ஸ் அண்ணன் கண்ட குட்டைத் தண்ணியைக் குடிச்சாரு. நான் பீரைத் தவிர எதையும் தொட மாட்டேன். உன் மேல சத்தியம்."

"வாரின்?"

அவன் ஓட்ஸ் ரொட்டியைப் பிய்த்துக் கஞ்சியில் போட்டான். பிறகு நிமிர்ந்தான். "இங்க இருந்து நான் என்ன பண்ணணும்ங்கிற? காலம்பூரா அடுத்தவன் மாட்டுக்குச் சாணி அள்ளவா? நூத்தம்பது ராத்தல் பலம் கேக்கிற வில்லைக் காது வரைக்கும் இழுக்கிற கை இந்தச் சீமையில எத்தனை பேருக்கு இருக்கு, நீயே சொல்லு."

"அந்தக் கைக்கு வில்லு செஞ்சு குடுத்தவளே நான்தான்டா."

"அதைத்தான் நானும் சொல்றேன். வருஷத்துக்கு ஒரு வில்லா செஞ்சு செஞ்சு குடுத்துட்டு, இப்ப வந்து போகாதேன்னா?"

அவனுக்கு ஏழு வயதானபோது முதல் வில்லைச் செய்து கொடுத்தவள் அவள். பத்தொன்பது வயது வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் பத்து ராத்தல் கூட்டி இன்னொன்று. வில்லின் இழுப்பு கூடக் கூட உடம்பும் அதற்கேற்ப வளைந்து வளர்ந்தது. அவனுடைய இடது முன்கை மற்றவர்களின் தொடை மாதிரி இருக்கும். வலது தோள் இடதைவிட மேலே தூக்கி நிற்கும். அவனுக்குச் சட்டை தைக்கும்போது வலது பக்கம் இரண்டு விரல் துணி கூட விட்டுத்தான் எம்மட் தைப்பாள். அந்த உடம்பே அவள் செய்ததுதான். அதை இப்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

போன வருஷத்துப் பொறுக்கல் அவளுக்கு ஞாபகம் வந்தது. சிம்கின் என்று ஓர் ஆள். அவன் வில் முதல் அம்பிலேயே படீரென்று போய்விட்டது. "வில்லைக் கவனிச்சுக்கத் தெரியாதவன் எனக்கெதுக்குடா? வீட்டுக்குப் போய் வாத்து மேய்" என்று விரட்டிவிட்டார் பிக்ஸ்லி. சிம்கின் இன்றைக்கும் வாத்துதான் மேய்க்கிறான். வாரத்துக்கு நாலு பேர் அவனைப் பார்த்து "குவாக் குவாக்" என்கிறார்கள். ஆனால் உயிரோடு இருக்கிறான்.

இரண்டு நாள் கழித்து ஹாமன் தன் வில்லைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டான். மேல்முனையில் நாண் மாட்டுகிற கொம்பு ஆடுகிறதாம். புதுக்கொம்பு மாட்டி, நன்றாக மெழுகு தேய்த்துக் கொடுக்க வேண்டுமாம். "மூணு நாள் வெச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை எய்து பழகறதுக்கு வேணும்" என்றான்.

கொம்பு மாட்ட அரை நாள் போதும். மிச்ச இரண்டரை நாளில் எம்மட் தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தாள்.

யூ மரத்துக் கட்டையில் வெளிப்பக்கம் இளசான வெள்ளை, உள்பக்கம் முற்றிய வைரம். வில்லில் வெள்ளை எதிராளியைப் பார்த்து நிற்கும், வைரம் இழுப்பவனைப் பார்த்து நிற்கும். நாணை இழுக்கும்போது வெள்ளை நீண்டு கொடுக்கிறது, வைரம் நசுங்கித் தாங்குகிறது. இதில் வெள்ளைதான் உயிர். ஒரே வருஷத்து வளையம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அறுபடாமல் ஓட வேண்டும். நடுவில் கணு வந்தால் அதைச் சுற்றி மேடு விட்டுத்தான் சீவ வேண்டும். பார்க்க அழகாயிருக்கட்டும் என்று மேட்டைத் தட்டையாக்குகிறவன் அன்றைக்கே அந்த வில்லைக் கொன்றுவிட்டான் என்று அர்த்தம்.

ஹாமனின் வில்லில், பிடிக்குக் கீழே வளைகிற பாதியான கீழ்க்கையில், ஒன்றரை சாண் தள்ளி, பயறளவுக்கு ஒரு கணு. நாலு வருஷத்துக்கு முன்னால் அதைச் சுற்றி எம்மட் விட்ட மேடு ஒரு நெல் உயரம் இருக்கும். அதைச் சுரண்டுகத்தியால் இறக்கினாள். பிறகு அதன் அடியில், நகத்தின் அகலத்துக்கு, வளையத்தைக் குறுக்கே அறுத்தாள்.

இடம் பார்த்துத்தான் அறுத்தாள். மேல்கையில் வைத்தால் சில்லு முகத்தில் அடிக்கும். கீழ்க்கையில் ஒடிந்தால் துண்டு முழங்காலுக்குக் கீழே தெறிக்கும். ஆழமும் அப்படியே. வீட்டிலோ ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்திலோ ஒடிந்துவிட்டால் அவன் வேறு வில் கேட்பான். ஒடிவது பிக்ஸ்லியின் கண் முன்னால் ஒடிய வேண்டும். பழக்கத்தில் ஹாமன் மெல்லிய அம்புதான் போடுவான், நெஞ்சு வரைக்கும்தான் இழுப்பான். கேப்டன் முன்னால் போர் அம்பு; காது வரைக்கும் இழுத்தே ஆக வேண்டும். ஆகவே நெஞ்சுக்குத் தாங்க வேண்டும், காதுக்குத் தாங்கக்கூடாது. வில்லைச் சோதிக்கிற கம்பத்தில் அதை மாட்டி, நாணில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, வெட்டின் வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்த்தாள். கல்லை இறக்கினாள். ஒரு இழை சுரண்டினாள். மறுபடி மாட்டினாள். எந்தப் பிரபுவின் வில்லுக்கும் அவள் இவ்வளவு நுணுக்கம் பார்த்ததில்லை. முடிந்ததும் யூ தூளையும் தேன்மெழுகையும் பிசைந்து அடைத்து, கம்பளித் துணியால் தேய்த்தாள். அவளே தேடினாலும் கிடைக்காது.

"அட! கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கானே" என்று ஹாமன் வில்லைத் தூக்கிப் பார்த்தான். "போகாதே போகாதேன்னு அழுதவ, எப்படி இழைச்சிருக்கா பாரு!"

அவள் தரையில் கிடந்த சிராய்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பின்னாலிருக்கும் மண்மேட்டில் எல்லா ஆண்களும் வழக்கம்போல எய்தார்கள். எம்மட் சுவரோரம் நின்று எண்ணினாள். ஹாமன் இருபத்து நாலு அம்பு விட்டான். ஒவ்வொன்றும் நெஞ்சு வரைக்கும். வில் தாங்கியது. அன்று சாயங்காலம் ஜென்கின் அவள் பட்டறைக்கு வந்தான். உட்காரவில்லை.

"எம்மட், பயலோட வில்லுல கீழ்க்கை முனகுது."

"அங்க ஒரு கணு இருக்குண்ணே. அது அப்படித்தான் பேசும்."

"இருபது வருஷமா உன் வில்லுக்குத்தான் அம்பு செய்யறேன். எதுவும் இதுவரைக்கும் பேசி நான் கேட்டதில்ல."

அவள் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். ஜென்கின் அவள் கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "நீ வில்லு செய்யறவ. உனக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை புல்வெளியில் ஒரே கூட்டம். பீர் பீப்பாய் உருட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். பன்றி இறைச்சி சுடுகிறவள் ஒருத்தி, தகரக்குழல் ஊதுகிறவன் ஒருவன், பந்தயம் கட்டுகிறவர்கள் பத்துப் பேர். இருநூற்று நாற்பது கஜத்துக்கு அப்பால் ஒரு கழியில் வெள்ளைத் துணி. பிக்ஸ்லி முக்காலியில் உட்கார்ந்து ஆட்டுத்தொடையைக் கடித்துக்கொண்டே ஒவ்வொருவனையும் ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் பேர் எழுதிக்கொள்ள ஓர் எழுத்தன்.

"அடுத்தவன்! என்னடா அது, நாணை இழுக்கிறியா, பல்லைப் பிடுங்கறியா? போ, போ."

"அம்பு குடியானவன் கோழி மேல விழுந்திருக்கு. இவனை எதிரிப் படைக்கு அனுப்புங்கடா, நமக்கு லாபம்."

கூட்டம் சிரித்துக்கொண்டே இருந்தது. பதின்மூன்றாவதாக ஹாமன் வந்தான். எம்மட் வேலியோரம் நின்று பார்த்தாள்.

அவன் போர் அம்பைப் பூட்டினான். காலை அகட்டினான். குனிந்து, வில்லுக்குள்ளேயே நுழைகிறவன் மாதிரி உடம்பு முழுவதையும் அதில் சாய்த்து இழுத்தான். நாண் நெஞ்சைத் தாண்டியது. கழுத்தைத் தாண்டியது. தாடையைத் தாண்டிக் காதைத் தொட்டது.

பாரவண்டியின் அச்சு முறிகிற சத்தம் கேட்டது. கீழ்க்கை புல்லில் போய்ச் செருகிக்கொண்டது. அவள் கணக்குப் போட்ட இடம்தான். ஆனால் இறுக்கம் விட்ட மேல்கை, நாணோடு சுழன்று திரும்பி, புதுக்கொம்பு முனையால் அவன் புருவத்தைக் கிழித்துவிட்டுப் போனது. அதை அவள் கணக்குப் போடவில்லை.

அவன் முகமெல்லாம் ரத்தம். கண் திறந்திருந்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. எம்மட் வேலியைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள். இனி வாத்து மேய்ப்பான். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

பிக்ஸ்லி ஆட்டுத்தொடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நடந்து வந்து துண்டைக் காலால் புரட்டினார்.

"எதுவரைக்கும் இழுத்தே?"

"காது வரைக்கும், ஐயா."

"பார்த்தேன்டா, பார்த்தேன்." அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கண்ணைத் தொறந்து பாருங்கடா சோம்பேறிங்களா! நெஞ்சுக்குக் கொண்டு வரதுக்கே மூக்கால அழறீங்க. இவன் கட்டையவே ஒடிச்சிட்டான்! ரத்தம் ஊத்துது, கண்ணைக்கூட சிமிட்டல. எழுது இவன் பேரை. முதல் பேரா எழுது."

கூட்டம் ஊளையிட்டது. யாரோ ஹாமனைத் தூக்கிக்கொண்டார்கள். எம்மட் வேலியைத் தாண்டி ஓடினாள்.

"ஐயா, போன வருஷம் வில்லு ஒடிஞ்சவனை வீட்டுக்கு அனுப்பினீங்களே! சிம்கினை!"

"இந்தம்மா யாரு?"

"வில்லு செஞ்சவ ஐயா. இவனோட அக்கா" என்றது கூட்டம்.

பிக்ஸ்லி சிரித்தார். கெட்ட மனுஷனாகத் தெரியவில்லை. "அது அரை இழுப்புல ஒடிஞ்சது, தாயி. மழையில போட்டு ஊறவெச்ச கட்டை. இது முழு இழுப்புல ஒடிஞ்சிருக்கு. வில்லு செய்யறவளுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா?"

தெரியும். இந்தச் சீமையில் அவளைவிட யாருக்கும் அது தெரியாது. நெஞ்சுக்குத் தாங்கி, காதுக்கு ஒடியும்படி இழை இழையாகச் சுரண்டியது அவள் கைதான். கொஞ்சம் முரட்டுத்தனமாக, அவசரமாக, கெட்ட வேலைக்காரி மாதிரி வெட்டியிருந்தால் அரை இழுப்பிலேயே போயிருக்கும். அவன் வீட்டில் இருந்திருப்பான்.

ஹாமன் வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. தலையில் கட்டுப் போட்டிருந்தான். வில்லின் இரண்டு துண்டுகளையும் மேசைமேல் வைத்தான். கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை. சிறு வயதிலிருந்து இந்தப் பட்டறையில் உருண்டு வளர்ந்தவன். ஒடிந்த மரத்தை வாசிக்க அவனுக்கும் தெரியும்.

"மரம் தானா ஒடிஞ்சா சிம்பு சிம்பா நிக்கும். இங்க நிக்குது, இங்க நிக்குது. இந்த இடத்துல மட்டும் பாரு. நகத்து அகலத்துக்கு நேரா இருக்கு. மெழுகு வேற ஒட்டியிருக்கு."

அவன் துண்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் புருவத்தைத் தொட்டான்.

"கண்ணுக்கு ஒரு விரல் தள்ளிக்கா."

"அதுக்குத்தான்டா கீழ்க்கையில வெச்சேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஹாமன் மெல்லத் தலையாட்டினான்.

"ஓ. இடம் பார்த்துத்தான் வெச்சியா."

"ஹாமா, ரெண்டு பேரைக் குடுத்துட்டேன்டா. எனக்கு வேற யாருடா இருக்கா?"

"உன் வில்லை எடுத்துட்டுத்தான் பியர்ஸ் அண்ணன் போனாரு. வாரின் போனாரு. காக்கைக்கால் இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு இழுக்கலாம்னு ஊரே சொல்லுது. நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இழுத்தேன்." அவன் தன் போர்வையையும் தொப்பியையும் எடுத்துக்கொண்டான். "புறப்படற வரைக்கும் ஜென்கின் அண்ணன் கொட்டகையில படுத்துக்கிறேன்."

புறப்பட இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் காலையில் எம்மட் ஏணி போட்டு உத்தரத்தில் கிடந்த ஒரு கட்டையை இறக்கினாள். ஸ்பெயின் மலையில் வளர்ந்த யூ. ஓட்வெல் உயிரோடிருந்தபோது கப்பல்காரனிடம் வாங்கியது. ஒன்பது வருஷமாகக் காய்கிறது. வெள்ளை விரல் கனத்துக்குச் சீராக ஓடும். வைரம் காய்ந்த ரத்தத்தின் நிறம். முனைக்கு முனை ஒரு கணு கிடையாது. அப்படிப்பட்ட கட்டை ஒரு வில்காரிக்கு வாழ்நாளில் ஒன்று கிடைத்தால் அதிகம். யாருக்குமே கொடுக்காமல் வைத்திருந்தாள்.

அளவெடுக்கத் தேவையில்லை. அவன் கை நீளம், தோள் தூக்கல், காது இருக்கும் இடம் எல்லாம் அவள் விரலில் இருந்தது. பத்து நாள் செதுக்கினாள். ரொட்டியும் வெங்காயமும் பட்டறையிலேயே. கம்பத்தில் மாட்டி ஒவ்வொரு அங்குலமாக இறக்கி, இரண்டு கையும் முழு நிலா மாதிரி ஒரே சீராக வளைகிறதா என்று பார்த்தாள். வளைந்தது. முனகல் இல்லை. இருபது வருஷத்தில் அவள் செய்த அத்தனை வில்லிலும் இதுதான் சிறந்தது. அதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. இவன் உயிரைத் தாங்கப்போவது இதுதான் என்கிற பயம் மட்டும் இருந்தது. கடைசியில் காக்கைக்காலைச் சுட்டு வைத்தாள்.

ஜென்கின் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் தடவிப் பார்த்தான். "நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றான். அரை மணி நேரத்தில் வில்லோடு திரும்பி வந்தான்.

"தொடவே மாட்டேங்கறான், தாயி. கேப்டன் வண்டியில வந்த வில்லு ஒண்ணைக் கையெழுத்து வெச்சு வாங்கியிருக்கான்."

"நீங்க சொல்லிப் பார்க்கலியாண்ணே? இது எப்படிப்பட்ட வில்லுன்னு?"

"சொன்னேன். 'உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணே'ன்னு ஒரே கேள்விதான் கேட்டான். அதுக்கு மேல என் வாய் எழும்பல."

புறப்படுகிற நாள் காலையில் கோயில் முன்னால் நாற்பது பேரும் வரிசையில் நின்றார்கள். பெண்கள் ரொட்டி மூட்டையை நீட்டினார்கள். சிம்கின் வாத்துகளோடு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தான். எம்மட் புது வில்லைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஹாமன் மூன்றாவது வரிசை. கையிலிருந்த வில்லை நாணேற்றி, பக்கத்திலிருந்தவனுக்கு அரை இழுப்பு இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

அவள் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டாள். ஒரு பார்வை போதுமாயிருந்தது. பச்சைக் கட்டை; சரியாகக் காயவில்லை. கீழ்க்கையின் நடுவில் ஒரு இடம் மட்டும் கதவுக் கீல் மாதிரி மடிகிறது. மற்ற இடமெல்லாம் சும்மா நிற்கிறது. ஐம்பது அம்பு தாங்கும். போனால் அறுபது. அதற்குமேல் எந்த இழுப்பிலும் போகும். எதிரே குதிரைகள் வந்துகொண்டிருக்கும்போது போகும்.

"ஹாமா! அந்த வில்லு வேண்டாம்டா. கீழ்க்கை ஒரே இடத்துல மடியுது. ஒடிஞ்சிரும்!"

அவன் திரும்பினான். புருவத்தில் வடு இன்னும் சிவப்பாக இருந்தது.

"இதுவுமா?" என்றான்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அக்காக்காரி தம்பியை விடமாட்டேன் என்கிறாள் என்று சிரித்தார்கள்.

"சத்தியமாடா. என் கண்ணால பார்க்கறேன். நூறு அம்பு தாங்காது. இந்தா, இதை எடுத்துக்கோ. உனக்குன்னே செஞ்சது."

"நீ சொல்றது நெசமாவும் இருக்கலாம்க்கா." அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. "ஆனா நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? போன தடவை நீ ஒண்ணும் சொல்லல, வில்லு ஒடிஞ்சுது. இந்தத் தடவை ஒடியும்ங்கற. உன் கையில இருக்கறதை வாங்கி ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் எங்க வெட்டியிருப்பாளோன்னு நினைச்சுக்கிட்டு நான் சண்டை போட முடியாது."

"வெட்டலடா. எங்கயும் வெட்டல."

"சரி. வீட்டைப் பார்த்துக்கோ."

தம்பட்டம் அடித்தார்கள். வரிசை அசைந்தது.

எம்மட் கோயில் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். துணியைப் பிரித்தாள். இடுப்புப் பையிலிருந்து சுரண்டுகத்தியை எடுத்தாள். அதே கத்திதான். வைரப் பக்கத்தில், மேலாக, மரத்துக்கு ஒரு கேடும் வராதபடி, காக்கைக்காலைச் சுரண்டி எடுத்தாள். மூன்று கோடும் போகும்வரைக்கும் சுரண்டினாள். எச்சிலைத் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்தாள். யாரோ செய்த வில் ஆகிவிட்டது அது.

பின்னால் சாமான் வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. வில் கட்டுகள் ஏற்றிய வண்டியை அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள். வண்டிக்காரன் காளைகளை நிறுத்தாமலே வில்லை வாங்கிப் பார்த்தான்.

"நல்லா இருக்கே! முத்திரை இல்லையே, யாரு செஞ்சது?"

"தெரியாதுங்க. வீட்ல கிடந்துச்சு. ராஜாவுக்குன்னு குடுக்கறேன். யாருக்காவது வில்லு ஒடிஞ்சா இதைக் குடுங்க. நல்ல உயரமான ஆளுக்கு. மூணாவது வரிசையில புருவத்துல வடுவோட ஒருத்தன் போறான் பாருங்க, அந்த மாதிரி ஆளுக்கு."

"அம்மா, இதுல நானூறு வில்லு இருக்கு. கேட்கறவனுக்குக் கையில அகப்படறதைக் குடுப்பாங்க." அவன் தார்ப்பாயைத் தூக்கி வில்லை உள்ளே செருகினான்.

"மேலாப்புல வெக்கக்கூடாதா?"

"மேல எது, கீழ எது? கப்பல்ல ஏத்தும்போது எல்லாத்தையும் கொட்டித்தான் அடுக்குவாங்க."

அவன் காளைகளை அதட்டினான். வண்டி பாலத்தில் ஏறியது. எம்மட் அதோடு பாதி தூரம் நடந்தாள். பிறகு நின்றாள். முன்னால், வளைவில், வரிசை திரும்பிக்கொண்டிருந்தது. வலது பக்கம் இரண்டு விரல் துணி கூட விட்டுத் தைத்த சட்டை ஒன்று நாற்பது முதுகுகளுக்கு நடுவில் தனியாகத் தெரிந்தது. அதன் தோளில் நாணேற்றியபடியே அந்தப் பச்சைக் கட்டை. நாணை அவிழ்த்துவிட்டு நடக்க வேண்டும் என்றுகூட மறந்துவிட்டான். இப்படியே போனால் ஐம்பது அம்புகூட வராது. கத்தினால் கேட்கிற தூரம்தான். அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அந்தக் கீழ்க்கையையே பார்த்தபடி, வளைவு அதை மறைக்கும்வரைக்கும் பாலத்தில் நின்றாள்.